சமையலறைக்குள் ஒரு வழி

ஒரு காலத்தில் என் அன்புக்குரியவனாக இருந்தவனுக்கு,

வீட்டை விற்கப் போவதாகவும், பார்க்க வருபவர்களிடம் நல்லவிதமாகப் பேசும்படியும் எழுதியிருக்கிறாய். பேசுகிறேன். நாம் கேட்காமல் விட்டதையெல்லாம் அவர்களைக் கேட்கச் சொல்கிறேன்.

இந்த இத்தாலிய மலையூருக்கு நாம் வந்தது கோடையில். விற்றவள் அத்திப்பழம் கொடுத்தாள். அவள் காட்டிய வக்கீலையே நீயும் வைத்துக்கொண்டாய். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாய். கூரை ஓடுகளை எண்ணாத குறைதான். சமையலறையின் பின்கதவு எங்கே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

திராட்சை அறுவடை முடிந்ததும் பக்கத்து வீட்டு எல்பிதியோ சேற்றுக்காலோடு வாசல் வழியாக நுழைந்து, நம் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போய், அந்தக் கதவைத் திறந்தார். அதன் வழியே கீழே இறங்கினால் அவருடைய ஒயின் அறை.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? இது என் வீடு!" என்று கத்தினாய்.

"வீடு உங்களோடதுதான் ஐயா. வழி எங்களோடது. பத்திரத்தைப் படிக்காமயா வாங்குனீங்க?"

நீ வழக்குப் போட்டாய்; கோர்ட்டும் அதையேதான் சொன்னது.

இரண்டே வாரம் என்று இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்குப் போனாய். குளிர்காலமும் முடிந்துவிட்டது. உன் போனை எடுத்த பெண் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள்.

எல்பிதியோ இப்போதெல்லாம் கதவைத் தட்டுகிறார். இத்தனை வருஷம் தட்டாத மனிதர்.

"உங்களுக்குத்தான் உரிமை இருக்கே, எதுக்குத் தட்டுறீங்க?" என்று கேட்டேன்.

தொப்பியைக் கழற்றினார். "தனியா இருக்கற பொம்பளை வீடும்மா."

நீ திரும்பி வரவில்லை என்று நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

விற்கக் கையெழுத்துப் போட வருவாய் அல்லவா, நீயும் தட்டிவிட்டு வா.

இப்படிக்கு,
இன்னும் இந்த வீட்டில் இருப்பவள்