கள்ளும் பிராந்தியும்

உடுவில், 1938

பாக்கியத்தின் அப்பாவுக்கு,

கள்ளுக் குடித்து மாட்டுவண்டிலை வேலியில் ஏற்றியதற்கு நீங்கள் மறியலில் இருக்கிறீர்கள். ஒருவருக்கும் காயமில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

நேற்று, உங்களைச் சிறைக்கு அனுப்பிய அதே நீதவான் முன்னால், எங்கள் ஒழுங்கையில் காரால் ஒரு பிள்ளையை அடித்துக் கொன்ற, கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியார் நின்றார். அன்று வாயை மணந்து பார்த்த டொக்டர், "ஓம், மணந்ததுதான். ஆனால் பிராந்தி ஐயா, நெஞ்சுநோவுக்குக் குடிச்சவர்" என்றார். குடித்தது உண்மை, குடிவெறி இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு காலமும் மூத்தவளின் பெயரைச் சொல்லி, "செல்லத்தின்ரை அப்பா" என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். மேலே சின்னவளின் பெயரை எழுதியிருக்கிறேன். இனி அப்படித்தான் கூப்பிடுவேன். ஏனென்று வந்து கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி