கடைசிப் பக்கத்து எண்

10-9-2008
ரமணாசிரமத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் புகழேந்தியைச் சந்தித்தேன். சென்னை ஆராய்ச்சியாளர்; ஷூவில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நம் ஊர் எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று மதிப்பிடுகிறாராம். அதைச் செயற்கைக்கோளால் ஊர் ஊராகப் பிரித்துப் பார்க்க முடியாதாம். எங்கும் கலந்து கிடக்கிறது. எனவே கூடவே புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடை அளந்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறார். கல்யாண வாசலில் செருப்பை எண்ணி, எத்தனை படி அரிசி வடித்தார்கள் என்று சொல்கிற வேலை!

பதினோரு பக்க அறிக்கை. கடைசிப் பக்கம் பார்த்தேன். பௌர்ணமி நாளுக்கும் மற்ற நாளுக்கும் ஒரே எண். லட்சம் பேர் கிரிவலம் வருகிற ஊரில்! இதற்கு ஒரு பட்டம்.

12-9
'பௌர்ணமியிலும் புகை கூடவில்லை: செயற்கைக்கோள் ஆய்வு.' ஊர் படித்துச் சிரிக்கட்டும் என்றுதான் எங்கள் பேப்பருக்கு எழுதிக் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. நம்புகிறார்கள், மடையர்கள்.

16-9
காலையில் அடி அண்ணாமலை. பௌர்ணமி பஸ்களை நிறுத்தும் காலி இடத்துக்கு எதிர்வீடு கன்னியம்மாளுடையது. பஸ்களை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தவள். மகள் கவிநிலாவுக்கு மூச்சிழுப்பு.

"ராவெல்லாம் இன்ஜினை அணைக்கலீங்க. விடியறப்ப புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடனோம். பொகை இல்லன்னு போட்டது நீங்கதானே? ஒரு பௌர்ணமிக்கு எங்க வூட்ல வந்து படுங்க சார்."

17-9
புகழேந்திக்குப் போன். "உங்க செயற்கைக்கோள் குருடா?"

"சார், அது இங்க தாண்டறது பகல் ஒன்றரைக்கு. பஸ் வர்றது பொழுது சாஞ்சு. பௌர்ணமியைப் பத்தி இதை வச்சு எதுவும் சொல்லக் கூடாதுன்னு மூணாம் பக்கத்துல கட்டம் கட்டியே எழுதியிருக்கேனே. நீங்க படிக்கலையா?"

18-9
மூன்றாம் பக்கம். கட்டம் இருக்கிறது.

20-9
திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், நான்கு வரி, வரன் விளம்பரத்துக்குக் கீழே. முப்பது வருஷ நிருபர்! தூ.

22-9
வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குக் கன்னியம்மாளுக்குத் துணையாகப் போனேன். அதிகாரி கோப்பைத் திறந்தார். என் செய்தி, ஒழுங்காக வெட்டி ஒட்டியிருந்தது.

"சேட்டிலைட்டே பொகை கம்மின்னுது. பேப்பர்லயும் வந்துட்டுது. இந்தம்மாவுக்கு இன்னும் என்ன வேணும்?"

திருத்தத்தை நீட்டினேன். மேலே இருந்த வரனைப் படித்தார்.

"இதுங்களா?"

கன்னியம்மாள் என் பக்கம் திரும்பவேயில்லை.

14-10
பௌர்ணமி. காலையில் போனேன். வீடு பூட்டியிருக்கிறது. மகளோடு செங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். இனி மாதாமாதம் இப்படித்தானாம்.

எதிரே பஸ்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். போன மாதத்தைவிட இரண்டு வரிசை ஜாஸ்தி.