ஆறு இடத்தில் ஒட்டிய அளவு

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உங்கள் படத்தை ஃபிளெக்ஸில் கட்டியிருக்கிறார்கள் சார். கண்ணீர் அஞ்சலி. கீழே 'கணினி மேதை' என்று வேறு போட்டிருக்கிறது. பஸ்ஸுக்காக நின்றவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மேதையாம். லேத் பிரிவிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு மேலாளராக வந்தவர் நீங்கள். அதில் தப்பில்லை. எதையும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்ததுதான் தப்பு. சோதனைப் பிரிவின் பழைய புரோகிராமை சி மொழியிலிருந்து விஷுவல் பேசிக்குக் கொண்டுபோகச் சொன்னீர்கள். நம் கம்பெனியில் செய்யும் இரும்புத் தண்டுகளின் அளவுகள் எல்லாம் ஒரே பொதுக் கோப்பில் இருந்தன. மற்ற ஆறு கோப்புகளும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்தன. நீங்களோ ஆளுக்கொரு கோப்பைப் பிரித்துக் கொடுத்து, அந்த அளவுகளை ஒவ்வொன்றிலும் ஒட்டச் சொன்னீர்கள்.

"பொது ஃபைல் ஒண்ணாவே இருக்கட்டும் சார். நாளைக்கு அளவு மாறினா ஆறு இடத்துல மாத்தணும்" என்றேன்.

"லேத்துல பீஸ் ஓட்டுறப்ப பக்கத்து மெஷினை எட்டிப் பார்ப்பியாம்மா? அவங்கவங்க ஃபைல் தனியா ஓடணும்" என்றீர்கள்.

சில மாதங்களில் தண்டின் வரைபடமும் அளவும் மாறின. நீங்களே ஒரு கோப்பில் மட்டும் அளவைத் திருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று மேலே மெயில் போட்டீர்கள். கடைசிச் சோதனைக்கான கோப்பில் பழைய அளவே கிடந்தது; பழைய அளவில் செய்த தண்டுகளையும் அது சரி என்றே காட்டியது. பெங்களூருக்குப் போன தண்டுகள் முழு லோடாகத் திரும்பி வந்தன.

கூட்டத்தில் சோதனைப் பிரிவு ரஹமத் அக்காவை நிற்கவைத்தீர்கள். காவேரிப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர். "ஸ்கிரீன்ல பச்சை வந்துச்சு சார், அதான் பாஸ் பண்ணேன்" என்றார். நான் எழுந்து, இரண்டு கோப்புகளிலும் அளவு வேறுவேறாக இருப்பதை அச்செடுத்து நீட்டினேன். வாங்கி மேசையில் போட்டு, அதன்மேலேயே டீ கிளாசை வைத்தீர்கள். "செக் பண்ற ஆளுதான் கவனிக்கல" என்றீர்கள். அன்றைக்கே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் முட்டாள்தனத்தைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த டீ கிளாசைப் பொறுக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் நானும் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டேன்.

நேற்று அக்கா போன் செய்தார். உங்கள் சாவுக்குப் போய் வந்தாராம்.

"அந்த ஆளுக்கா? எதுக்குக்கா போனீங்க?"

"போய்ச் சேர்ந்தவர் மேல என்னடி கோவம்? நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். நீயும் வுட்டுடு."

அக்காவுக்குப் பெரிய மனசு. எனக்கு இப்போதும் புரோகிராம்களை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலைதான். எது வந்தாலும் முதலில் பொதுக் கோப்பைத் தேடி, அதை ஒன்றாகவே வைக்கிறேன். உங்களால் வந்த பழக்கம்.

ஆனால் அந்த மன்னிப்பு அக்காவுடையது சார். அதை நகலெடுத்து என்னிடம் ஒட்டிக்கொள்ள மாட்டேன்.