இருபத்திரண்டு மில்லிமீட்டர்

துவாரகா, டெல்லி,
செவ்வாய் மாலை.

சுந்தரேஷ்,

இன்று ஒரு படம் பார்த்தேன், உனக்கு அனுப்ப முடியாது. உன் கப்பல் மெயிலில் எழுத்து மட்டும்தான் ஏறும் என்று நீதான் சொன்னாய். அதனால் பார்த்ததை எழுதுகிறேன். இரண்டு தடவை படி. முதல் தடவை பயப்படுவாய்.

முதலில் நான் மறைத்தது. தாரிணிக்குப் பிறந்தபோது வந்த மஞ்சள் போகவில்லை. போய்விட்டது என்று மூன்று வாரம் முன்பு எழுதினேன். பொய். நீ நடுக்கடலில் இருக்கிறாய், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டு என்றார்கள். இந்தக் குளிரில், நம் பால்கனியில் எங்கே வெயில். கண்ணின் வெள்ளை மஞ்சளாகவே இருந்தது. பிறகு மலம் வெளுத்தது. களிமண் நிறம். பாத்ரூம் பல்பு சரியில்லை என்று மூன்று நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மேல்மாடி ராஜி அக்காதான் பார்த்தார். இது என்ன கலர், டாக்டரிடம் காட்டினாயா, எம்.ஏ. படித்துவிட்டு இப்படியா உட்கார்ந்திருப்பாய் என்று கேட்டார். அன்றே கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எழுதினார்கள்.

விஷயம் இதுதான். கல்லீரலிலிருந்து பித்தநீர் குடலுக்கு இறங்க ஒரு குழாய் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு அது அடைபட்டுவிடுமாம். அப்படியென்றால் ஆபரேஷன். அறுபது நாளுக்குள் செய்தால் நல்லது, தள்ளிப்போனால் கல்லீரல் கெட்டுப்போகும். தாரிணிக்கு இன்று ஐம்பத்தொன்று.

ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டும். நான்கு மணி நேரம் பால் கூடாது. பால் குடிக்காமல் இருந்தால்தான் பித்தப்பை நிரம்பும், நிரம்பினால்தான் ஸ்கேனில் தெரியும். குழாய் அடைத்திருந்தால் பெரும்பாலும் நிரம்பாதாம். இன்று காலை ஆறு மணிக்குக் கடைசிப் பால். பத்து மணிக்கு ஸ்கேன்.

மெட்ரோ முழுக்கக் கத்தினாள். எதிர் சீட்டுப் பெண் ஹிந்தியில், பசிக்கிறது கொடேன், என்ன அம்மா நீ என்றாள். ஆஸ்பத்திரியில் ராஜி அக்கா சீட்டு வாங்கக் கவுண்டருக்குப் போனார். நான் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டு, கொடுத்தேன். மணி எட்டே முக்கால். ஐந்து நிமிடம், அல்லது பத்து. இவ்வளவு பால் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

ஸ்கேன் டாக்டர் பெயர் ப்ரீதா. டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண், பாதி ஹிந்தியில் பேசுகிறார். அறையில் இருட்டு. ஜெல்லைக் கையில் வைத்துச் சூடாக்கி வயிற்றில் தடவினார். வெகுநேரம் தேடினார். கடைசிப் பால் எப்போது என்று கேட்டார்.

ஆறு மணி என்றேன்.

சுந்தரேஷ், ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பரீட்சையில் தெரியாத கேள்விக்குப் பதில் எழுதுவது போல வந்துவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு, பித்தப்பை தெரியவில்லை என்று டைப் அடித்தார். ஆங்கிலத்தில் மூன்று சொற்கள். பிறகு போனை எடுத்து, குழந்தைகள் சர்ஜரியில் யாரையோ கூப்பிட்டு, ஐம்பத்தொரு நாள், பித்தப்பை இல்லை, சந்தேகம் பலமாக இருக்கிறது, ஒரு படுக்கை வையுங்கள் என்றார். அந்தப் படுக்கை என் கண்ணில் தெரிந்தது.

போனை வைக்கவிடாமல் சொன்னேன். எட்டே முக்காலுக்குக் கொடுத்தேன் என்று.

ராஜி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர் போனில், ஒரு நிமிஷம், அம்மாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்று சொல்லிவிட்டு வைத்தார். இங்கே வரும் எல்லாக் குழந்தையும் ஆறு மணிக்குத்தான் பால் குடிக்கிறது, என் கடிகாரம்தான் தப்பாக ஓடுகிறது போல என்றார். திட்டியிருக்கலாம். அடித்த மூன்று சொற்களையும் அழித்தார். ஒரு மணிக்கு வாருங்கள், அதுவரை ஒரு சொட்டு கூடாது என்றார்.

அந்த மூன்று மணி நேரத்தை எழுதப்போவதில்லை. தாரிணி அழுதாள். பால் கசிந்து என் சட்டை நனைந்தது. என் வாசனை பட்டால் இன்னும் அழுகிறாள் என்று ராஜி அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

ஒரு மணி.

இப்போது பார்த்ததைச் சொல்கிறேன். கப்பலுக்குக் கீழே கடலின் ஆழத்தை ஒலி அனுப்பி அளப்பீர்கள் என்று கல்யாணமான புதிதில் சொன்னாயே, இதுவும் அதே வித்தைதான். நம் காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போய், பட்டுத் திரும்புகிறது. திரும்பியது படமாகிறது. கல்லீரல் சாம்பல் நிறம். ஒரே சீராக, நன்றாக அரைத்த மாவு போல. நடுவே கறுப்புக் கிளைகள். டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார், கிளைகளில் சிவப்பும் நீலமும் ஓடின. அவளுடைய ரத்தம். என் முழங்கை நீளம் இல்லாத உடம்புக்குள் இத்தனை பாதைகள். நான் பத்து மாதம் சுமந்தேன், இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

அப்புறம், கல்லீரலுக்கு அடியில், அது. கறுப்பாக, நீளமாக, ஓரம் வழவழப்பாக. பித்தப்பை. காலையில் வெறும் கோடாகக்கூடத் தெரியாதது. டாக்டர் அளந்தார். இருபத்திரண்டு மில்லிமீட்டர். கல்லீரலின் வாயில் வெள்ளையாகத் தடித்த ஒன்று இருக்கிறதா என்று பார்த்தார். அடைப்பு இருந்தால் பல குழந்தைகளுக்கு அது தெரியுமாம். இல்லை.

இப்போது கொடுங்கள் என்றார். அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே. தாரிணி மூச்சு விடாமல் குடித்தாள். முக்கால் மணி கழித்து மறுபடி பார்த்தார். ஒன்பது மில்லிமீட்டர். சுருங்கியிருந்தது.

டாக்டர் திரையைத் தொட்டுக் காட்டினார். பால் வயிற்றுக்குப் போன செய்தி இங்கே எட்டியிருக்கிறது, இது தன்னிடம் இருந்ததைக் கீழே அனுப்பியிருக்கிறது என்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு. தலைகூட நிற்காத குழந்தை. நான் கொடுத்த பால், அதைக் கேட்டு மடங்கும் ஒரு சின்னப் பை. அதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு உட்கார வேண்டியிருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

முடிந்துவிட்டது என்று நினைக்காதே. இதை வைத்து மட்டும் அடைப்பே இல்லை என்று எழுதித் தர மாட்டேன், ஆனால் காலையில் இருந்த பயம் எனக்கு இப்போது இல்லை என்றார் டாக்டர் ப்ரீதா. மஞ்சளுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வேறு ரத்தப் பரிசோதனைகள். நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். எட்டே முக்காலை நான் சொல்லாமல் விட்டிருந்தால் இன்று இரவு அவள் அந்தப் படுக்கையில் இருந்திருப்பாள். அதை நினைக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன்.

அடுத்த துறைமுகத்தில் இறங்க முடியுமா என்று கேப்டனிடம் கேள். முடியாது என்றால் பரவாயில்லை என்று எழுத வந்தேன். எழுத வரவில்லை. கேள்.

உன் காலடியில் கடல் அமைதியாக இருக்கட்டும்.

மாதுரி

பி.கு.: இதை அனுப்பும் முன் சேலத்துக்குப் போன் செய்து, மஞ்சள் இன்னும் இருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நாளை ரயில் ஏறுகிறார்கள்.