பாதி வேலையைச் சொல்லிவிட்டுப் போனவனுக்கு

இன்று வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றபோது கறண்டு போயிற்று. யூ.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தியது. கடைக்காரர் சாவகாசமாக அட்டையெடுத்து விசிறிக்கொண்டார். என் முன்னால் கணினிகூட இல்லை, ஆனாலும் பக்கத்தில் உன்னைத் தேடினேன். இந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

அப்போது நாகர்கோவிலில் ஒரு மாடியில் நம் சாஃப்ட்வேர் கம்பெனி. யூ.பி.எஸ். பத்து நிமிடம்தான் தாங்கும். அது கத்தியதும் அவரவர் எழுதியதைச் சர்வரில் ஏற்றிவிட வேண்டும். பாதியில் நிற்பது எதுவென்று பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்ல வேண்டும். நீ ஏற்படுத்திய வழக்கம்தான். கறண்டுக்குப் பயந்து செய்தோமே தவிர, அதை ஒரு முறையென்று யாரும் நினைக்கவில்லை.

நம் வேலைமுறை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க, வாடிக்கையாளர் சென்னையிலிருந்து ஒருவரை அனுப்பினார். மொத்தம் ஐந்து படி. மூன்றாவது படியாவது ஏறாவிட்டால் வேலை சென்னைக்குப் போய்விடும். எங்களுக்கு அது பெட்டி கட்டிப் பின்னாலேயே போகும் விஷயம்தான். உனக்கோ கொட்டாரம் ஊரில் கண் மங்கிய தாய், அவளுக்கு வேறு துணையில்லை. “எனக்க அம்மைய விட்டுட்டு நான் எங்கலே போவேன்?” என்றாய்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி மானேஜர் எங்களைப் பதில் மனப்பாடம் பண்ண வைத்திருந்தார். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்ப்பதுண்டா என்று வந்தவர் கேட்டார். “ஒவ்வொரு தடவையும் சார்” என்று நான் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தேன்.

“வாரத்துல ஒருக்க பாத்தா பெரிசு சார்” என்று நீ போட்டு உடைத்தாய்.

உன் பிழைப்பே அதில்தான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன். “ஏம்லே மிதிக்க?” என்று அதையும் சத்தமாகக் கேட்டாய், பாவி!

அப்போதுதான் கறண்டு போனது. வந்தவரை மறந்தே போனோம். “லாகின் பக்கம் பாதியில கெடக்கு, தொடாதே”, “பில் கணக்கு முடிஞ்சு” என்று ஆளாளுக்குக் குரல். திரைகள் அணையும்போது எல்லாரும் ஏற்றி முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

“இது எந்த ஆவணத்துல இருக்கு?” என்றார் அவர்.

“எங்கயும் எழுதல்ல சார். எழுதி முடிக்கதுக்குள்ள கறண்டு போயிரும்லா?” என்றாய்.

இரண்டாவது படிதான் கொடுத்தார். ஆனால் “இவங்களுக்குச் செய்ய வருது, எழுதி வைக்கத்தான் வரல” என்று சொல்லி, சீராக்க ஓராண்டு அவகாசம் வாங்கித் தந்தார். வேலை ஊரிலேயே நின்றது. நீயும் அம்மையோடு நின்றாய். அன்று மாலை நீ வாங்கித் தந்த ரசவடையை முகத்தைத் தூக்கிக்கொண்டேதான் தின்றேன். உள்ளுக்குள் உன்மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

சில வருடம் கழித்து மஞ்சள்காமாலை உன்னைக் கட்டிலில் சாய்த்தது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நீ விடவில்லை. “அம்மைக்கு ஒரு கண்ணு ஆப்பரேசன் முடிஞ்சு. மத்த கண்ணு பாக்கி. ஒன்கிட்ட சொல்லியாச்சு, கேட்டியா மக்கா” என்றாய்.

போன மாதம் அதை முடித்தேன். கட்டு அவிழ்த்ததும் அம்மை என்னை நன்றாகப் பார்த்தாள். “கறுத்துப் போனியே மக்கா” என்று கன்னத்தைத் தடவினாள். பிறகு, நீ இல்லையென்று தெரிந்தும், என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் நீ சொல்லிவிட்டுப் போகவில்லை.