ஏச்சு கேட்கக் காசு கட்டுகிறவர்கள்

ஜூலை 7, திங்கள்

செல்வின் என் முகத்தை விற்கப் பார்க்கிறான்.

காலையிலிருந்து காற்று. மேற்கே மலையில் சாரலாம், இங்கே வெறும் புழுதி. ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் இல்லை. தலைக்குக் குளிக்காமல் ஜவுளிக்கடை வேலைக்கு.

மதியச் சாப்பாட்டு அரைமணியில் எதிர் ஜூஸ் கடைக்கு வரச் சொன்னான். என்னோடு காலேஜில் படித்தவன், இப்போது கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை. எங்கள் பக்கத்தை நடத்துவதும் அவன்தான். பெரியவர்களுக்கான பக்கம், காசு கட்டினால்தான் திறக்கும். நான்கு மாதமாக என் பாதங்களின் படம், கொஞ்சம் குரல். கணக்கு அவன் பேரில், பாஸ்வேர்டு அவனிடம்; என் போனில் வருகிற மெசேஜுக்குப் பதில் போடலாம், பக்கத்தில் எதையும் எடுக்க முடியாது. உள்ளே இருப்பது நான். ஆரம்பிக்கும்போதே மூன்று நிபந்தனை போட்டேன்: முகம் கிடையாது, பேர் கிடையாது, ஊர் கிடையாது. கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

இன்று சொல்கிறான், நிச் இல்லாமல் இனி ஓடாதாம். நிச் என்றால் என் சரக்கு எந்த ரகம் என்று. காட்டன், சில்க், பூனம் மாதிரி. பேப்பரில் எழுதியே கொண்டு வந்திருந்தான்:

முகம். (நிபந்தனை என்றேன். "சும்மா எழுதி வச்சேன்" என்றான்.)
குறுக்குத்துறைப் படித்துறையில் ஈரச்சேலை. (உன் அக்காவைக் கூட்டிப் போ என்றேன்.)
மாமியாருக்குத் தெரியாத மருமகள். (எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.)
பர்தா.

"கல்ஃப்ல நல்லா போகும்ட்டி. ஒன்கூட வேலை பாக்குத பிள்ளைகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்க."

அந்தப் பிள்ளை ஷமீமா. என் கவுண்டரில்தான் நிற்கிறாள். மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வந்ததும் பர்தாவைக் கழற்றிக் குடோன் ஆணியில் மாட்டிவிட்டு, பத்து மணி நேரம் நின்றபடியே சேலை விரிக்கிறாள். அவள் ஆணியில் மாட்டிய துணி இவனுக்கு ஒரு ரகம். செருப்பு பிய்ந்துவிடும் என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்ட்ராவை உறிஞ்சினான்.

எனக்கு இருபத்தாறு வயது. இந்தப் பக்கத்தை யாரும் என் தலையில் கட்டவில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிற ஒரு அறை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக எதை விற்பது என்பதை நான் சொல்வேன்.

ஜூலை 8, செவ்வாய்

காற்று குறையவில்லை. வாங்க வேண்டியது: சோப்பு, ஹேர்பேண்ட், கால் ஆணிக்குப் பிளாஸ்திரி.

குடோனில் குரல் பதிந்தேன். மதியம் அங்கே யாரும் வருவதில்லை. சுற்றிலும் சேலைக் கட்டு, எதிரொலியே கிடையாது. ஸ்டூடியோவில்கூட இப்படி வராது என்று செல்வினே சொல்வான். ஷமீமா வெளியே நின்று பார்த்துக்கொள்வாள். என் ஆளோடு பேசுகிறேன் என்று நினைக்கிறாள். நானும் திருத்தவில்லை.

பேச வேண்டியது "சாப்பிட்டீங்களா, ராசா" வகை. செல்வின் எழுதிக் கொடுத்தது. நான்கு வரிக்கு மேல் வாய் வரவில்லை. அதற்குள் அஜ்மானிலிருந்து ஒருத்தன், நேற்றிலிருந்து ஒரே அசிங்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறவன், மறுபடி கேட்டான். காலையில்தான் சூப்பர்வைசர், கவுண்டரில் சாய்ந்து நின்றேன் என்று நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தார். வாய்ஸை அழுத்தினேன்.

"ஏலே, ஒனக்கு வேற சோலியே இல்லியா? அங்கன வேலைக்குப் போனியா, இல்ல இதுக்குன்னே விசா எடுத்தியா? போயி தட்டைக் கழுவுலே மொதல்ல."

ஆள் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் பதில்: "இன்னொரு தடவை. ஊர் பேச்சுலயே."

ஜூலை 10, வியாழன்

நிச் முடிவாகிவிட்டது. ஏச்சு.

செல்வினுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக்கே பேரை மாற்றிவிட்டான், ஏச்சுக்காரி என்று. கால் படத்தைக் கீழே தள்ளிவிட்டான். பழைய ஆட்கள் போனார்கள், புதிதாக இரண்டு மடங்கு வந்தார்கள். துபாய், தம்மாம், சென்னை, கோயம்புத்தூர்.

கேட்பவை: டீச்சர் மாதிரி ஏசணும். பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. கலெக்டர் மாதிரி (கலெக்டர் எப்படி ஏசுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்). "என் பேரைச் சொல்லி ஏசுங்க ப்ளீஸ்." இந்த ஊரில் பெண்கள் நாள் முழுக்கச் சும்மா ஏசுகிறார்கள், ஒருத்தனுக்கும் காதில் விழாது. காசு கட்டினால் காது வந்துவிடுகிறது.

ஒருத்தன் மட்டும் முதலில் வேறு கேட்டான். "நீங்க என்ன ஆளுக?" சாதி. ஏச்சு வாங்குவதற்குக்கூட எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் வாங்குவான். மூன்று நிமிடம் ஏசி அனுப்பினேன், சாதியை மட்டும் சொல்லவில்லை. நன்றி மேடம் என்று எழுதியிருந்தான்.

ஷமீமா: "ஒன் ஆளு பாவம்ட்டி. தெனமும் இப்படி வாங்குதானே."

ஜூலை 13, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி என்று லீவு கிடையாது. கூட்டம். கால் வீக்கம். உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், லேபர் ஆபீஸிலிருந்து யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு. அதன்மேல் தள்ளுபடி அட்டை வைத்திருக்கிறார்கள்.

தொழில் பழகிவிட்டது. காலையில் சூப்பர்வைசர் சொல்வதைத் தலை குனிந்து வாங்கிக்கொள்வது. கஸ்டமர் முப்பது சேலை பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போவதையும். எல்லாவற்றையும் மதியம் வரை வாயில் வைத்திருப்பது. பிறகு குடோன். ஆறு ஏச்சு, ஏழு ஏச்சு. பேப்பரில் குறித்து வைத்துத்தான் பேசுவேன், யாருக்கு எது என்று. பேர், ஊர் வந்துவிடாமல் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

பிடித்திருக்கிறது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிடித்திருக்கிறது.

ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் ஓர் அறை பார்த்தேன். ஜன்னல் சின்னது. தாழ்ப்பாள் உள்ளே.

ஜூலை 15, செவ்வாய்

பக்கத்தைத் திறந்தால் மேலே பர்தா போட்ட ஒருத்தியின் படம். கண் மட்டும். செல்வின் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறான். அடியில் என் குரல், அஜ்மான்காரனை ஏசியது. "மேலப்பாளையம் ஏச்சுக்காரி" என்று எழுத்து வேறு.

எனக்கு நேரே ஷமீமா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். எழுந்து குடோனுக்குப் போனேன். அவனை அழைத்தேன், எடுக்கவில்லை. வாய்ஸ் அனுப்பினேன். நான்கு நிமிடம். பேப்பர் இல்லை, குறிப்பு இல்லை. அனுப்புவதற்கு முன் கேட்டும் பார்க்கவில்லை, பக்கத்துக்கு இல்லையே, அவனுக்குத்தானே.

நினைவில் இருப்பது: "ஏலே செல்வினு, என்னை யாருன்னு நெனச்ச? முக்கூடல் சுடலைமுத்துக் கொத்தன் மவ இசக்கியம்மா லே நான். ஒங்கிட்ட வாயைத்தான் வித்தேன். அடுத்தவ துணியை விக்க நீ யாருலே? அந்தப் படத்தை எடுக்கல, ஒன் கடை வாசல்ல வந்து நிப்பேன்."

இதற்கு மேல் இருந்தவற்றை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

கதவைத் திறந்தால் ஷமீமா, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. "அப்பா பேரு, ஊரு எல்லாஞ் சொல்லியா ஏசுவ? எங்கம்மாவும் இப்படித்தாம்ட்டி. குழாயடில சண்டைன்னா மொதல்ல எங்க வாப்பா பேரைச் சொல்லிட்டுத்தான் ஏச்சையே ஆரம்பிப்பா."

எங்கள் அம்மாவும் அப்படித்தான். முதலில் தான் யாரென்று சொல்ல வேண்டும், பேரில்லாமல் ஏசினால் அது ஏச்சே இல்லை.

ஷமீமா என்ன விஷயம் என்று கேட்டாள். சொல்லவில்லை. அவள் குழம்பில் பாதி எனக்கு ஊற்றினாள்.

ஜூலை 16, புதன்

படத்தை எடுத்துவிட்டான். சொன்னபடி கேட்டுவிட்டான். அந்த இடத்தில் என் நான்கு நிமிடத்தைப் போட்டிருக்கிறான். தலைப்பு: "நிஜக் கோபம்". ஒரு வார்த்தை வெட்டவில்லை. அவன் பேர் வரும் இடத்தில் மட்டும் பீப்.

மூன்றாவது தடவை போனை எடுத்தான். என் பேரை, அப்பா பேரை, ஊரை வெட்டிவிட்டுப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"வெட்டுனா நெசம் மாதிரி இருக்காதுட்டி. அந்த எடத்தைத்தான் எல்லாவனும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கானுவ. ஒரு வாரம் கெடக்கட்டும்."

சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். நான் உன்னைச் சொல்ல வைக்கவில்லையே, நீயாகத்தானே சொன்னாய் என்றான். மணமேடைக்குக் கேமரா கட்ட வேண்டுமாம். வைத்துவிட்டான்.

அடியில் எழுதியிருப்பவை:

"இதுதான் தலைவி ஒரிஜினல்."
"இசக்கி இசக்கி இசக்கி."
"முக்கூடல்ல எந்தத் தெரு? நானும் அந்தப் பக்கம்தான்."
"சுடலைமுத்துக் கொத்தனாரா? எங்க வீட்டுக்குச் சுவர் வச்சவருலா."

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் வந்து ஏசினார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

கூட்டம் ஷட்டரைத் தூக்கும் முன்பே. மேகம், மழை இல்லை.

ஆடியில் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் புதுவீடு தொடங்க மாட்டார்கள். அப்பாவுக்கு மாதம் முழுக்கச் சோலி கிடையாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார். அங்கே எல்லோர் கையிலும் போன். அவர் போனில் பட்டன்தான். யாராவது தம் போனை அவர் காதில் வைத்தால்தான் உண்டு. வைப்பார்கள்.

காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். பீடி சுற்றிக்கொண்டே பேசினாள். கோயில் கொடைக்கு வருவியா, நெஞ்சுச்சளி போச்சா. குரலில் ஒன்றும் இல்லை. விஷயம் இன்னும் அவள் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பெர்மிஷன் கேட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, செல்வின் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே லைட் துடைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார், உவரியில் கல்யாணம், சனிக்கிழமைதான் வருவார் என்று. கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு ஆடி ஏது.

போலீஸ். எழுதவே கை வரவில்லை. என்ன பக்கம்மா அது? கால் படம் நீதானே எடுத்தே? பேரை நீதானே சொன்னே? வீட்ல தெரியுமா, அப்பா நம்பர் கொடு. இந்த வரிசையில்தான் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு முன்னால் எழுந்து வந்துவிடுவேன்.

பக்கத்தைப் புகார் செய்யும் பட்டனை அழுத்தினேன். பார்க்கிறோம் என்று பதில். குரலுக்குச் சொந்தக்காரி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். கணக்கு அவன் பேரில்.

குடோனுக்குப் போனேன். வாய்ஸ் பட்டனில் விரல் வைத்தேன். வாய் நிறைய இருக்கிறது. அழுத்தவில்லை. பேசினால் அதுவும் இன்றைக்கே பக்கத்துக்குப் போகும். அழுதால் அதுவும். அழுகைக்கு அவன் தனி விலை வைப்பான்.

ஷமீமா வெளியிலிருந்து, "என்னட்டி, இன்னைக்கு ஏச்சு இல்லியா?"

டைப் செய்தேன். ஒரு லே இல்லாமல், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல்.

"ஆடியோவை எடு. பாஸ்வேர்டை அனுப்பு."

1.50. நீல டிக்.

2.05. "எங்க அப்பா பேரு அதுல இருக்கு. எடு." நீல டிக்.

2.10. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். பத்து நிமிடம் தாமதம்.

3.30. பாத்ரூமில். கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. அவன் ஆன்லைனில் இருக்கிறான். "எடு."

4.40. எடு.