நான் மொழிபெயர்க்காத கேள்வி

அக்கா,

இன்று காலை பள்ளிக்கூடத்துச் சமையற்காரம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். சுண்ணாம்பும் பாக்கும் கலந்த வாசனை வந்ததும் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. எனக்கும் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். ஈப்போவில் சாப்பாட்டுக்குப் பிறகு வாய் மணக்க வெற்றிலை போடுகிறார்கள். நம் ரப்பர் தோட்டத்தில் அதற்கு வேறொரு வேலை இருந்தது. அதை இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை.

விடிவதற்கு முன்னால் பெரட்டு. ஆள் கணக்கெடுக்கும் அந்தக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்பீர்கள். கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவர் நாக்கையும் பார்ப்பார். நாக்கு வெளுத்திருந்தால் காய்ச்சல்காரி என்று ஒதுக்கித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அங்கே மருந்து சும்மா, கஞ்சியும் சும்மா. ஆனால் படுத்திருக்கிற நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால் காய்ச்சல் கண்ட பெண்கள் பெரட்டுக்கு முன்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்கள். சிவந்த நாக்கில் எந்த வெளுப்பும் தெரியாது.

என் எட்டு வயதில் உனக்கு மடித்துக் கொடுத்தது நான்தான். உன் கை சூட்டில் வெற்றிலை துவண்டுவிடும். “பாக்கக் கொஞ்சம் கூடுதலா வையி பாப்பா, நல்லா செவக்கட்டும்” என்பாய். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நாக்கை நீட்டச் சொல்லி, நானே டிரெஸர் மாதிரி பார்த்து, “போலாம்” என்று அனுப்புவேன்.

அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் போனபின், ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷத்தில், மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரம்மாள் நாம் குடியிருந்த லயத்துக்கு வந்தார். என்னை ஈப்போவுக்கு அனுப்பச் சொன்னார். அத்தான் யோசித்தார். நீ யோசிக்கவில்லை. கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம், “ஒன் நாக்க எவனும் வெளக்கு வச்சுப் பாக்கக் கூடாது” என்றாய். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு மிஷன் செலவில் சென்னையில் நான்கு வருஷம். பட்டம் வாங்கி வந்தபோது லயத்துப் பெண்கள் என்னைப் பார்க்க வாசலில் கூடிவிட்டார்கள். நான் வழக்கம்போல உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பி.ஏ. படிச்சா என்ன வேலை தருவாங்க, தொரையா ஆக்குவாங்களா என்று ஒருத்தி கேட்டாள். “ஆக்குவாங்க, தொப்பிதான் இன்னும் வந்து சேரல” என்று நீ சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கும் உன் வாய் சிவந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நாளில் பத்திரிகைகளில் ஒரே வாதம். ஒவ்வொரு தோட்டமும் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருப்பதற்குப் பதில், எல்லாத் தோட்டங்களிடமும் வரி வாங்கிச் சர்க்காரே நல்ல டாக்டர்களோடு ஆஸ்பத்திரி நடத்தவேண்டும் என்றார்கள் ஒரு பக்கத்தார். நாங்கள் இலவசமாகத்தானே வைத்தியம் பார்க்கிறோம், சர்க்கார் எதற்கு உள்ளே வருகிறது என்றார்கள் தோட்ட முதலாளிகள். ஆள்களையே கேட்டுவிடலாம் என்று மூன்று வெள்ளைக்காரர்களைச் சர்க்கார் விசாரணைக்கு அனுப்பியது. பெண்கள் கூசாமல் பேச ஒரு பெண் மொழிபெயர்த்தால் நல்லது என்று யாரோ சொல்ல, நான் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த ஈப்போ பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை என்னை அனுப்பினார். தாப்பாப் பக்கம் நான்கு தோட்டங்கள். நான்காவது நம்முடையது.

ஆபீஸ் முன்னால் பந்தல். மூன்று துரைகளுக்குப் பக்கத்தில் தோட்டத்துத் துரை. பின்னால் கங்காணி. நீ ஐந்தாவதாக வந்தாய். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி நல்லதா, தாப்பாவில் சர்க்கார் ஆஸ்பத்திரி கட்டினால் போவாயா என்று அவர்கள் கேட்டதை உனக்குத் தமிழில் சொன்னேன். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாய்.

“எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்னங்க தொரை. ரெண்டுலயும் மருந்துக்குக் காசு இல்லைங்கிறீங்க, சரி. படுத்திருக்கிற நாளைக்கு எங்களுக்குப் பேரு யாரு போடுவா, தோட்டமா சர்க்காரா? அதச் சொல்லுங்க, இப்பவே போயிப் படுத்துக்கிறேன். எனக்கு இன்னைக்கும் காய்ச்சல்தான்.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கங்காணி கழுத்தைத் திருப்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தோட்டத்துத் துரைக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், அவர் சிரிக்கவில்லை. என்ன சொன்னாள் என்று நடுவில் இருந்தவர் என்னைக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகச் சம்மதம், மருந்து இலவசமாகக் கிடைப்பதில் அவளுக்கு நன்றி என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உனக்காகத்தான் பயந்தேன் என்று பல நாள் என்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழுக்க உண்மை இல்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் முதல் பயம்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகும் மாட்டு வண்டிவரை என்னோடு நடந்து வந்தாய். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாய். “நான் பேசினது அவ்வளவு நீளம். நீ சொன்னது இத்துனூண்டு இருந்துச்சே பாப்பா” என்றாய்.

“இங்கிலீஷ்ல அப்படித்தான் அக்கா, சுருக்கமா வரும்.”

“அப்படியா? நல்ல பாஷையாத்தான் இருக்கு. தொண்ட நோவாது.”

நீ நம்பினாய். நான் படித்தவள் என்பதால் நம்பினாய். வண்டியில் ஏறி உட்கார்ந்தபின், என் பைக்குள் நீ வைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை ஈப்போ வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கிராணி எழுதிய கடிதம் வந்தது. உன் மர வரிசையான நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது மரத்தடியில் சரிந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாய். கடிதம் என் கைக்கு வருமுன் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, மேஜையில் மீதியிருந்த பன்னிரண்டு நோட்டுகளையும் திருத்தினேன். ஒரு தப்பையும் விடவில்லை. பிறகு போய்த் தலைமையாசிரியையிடம் லீவு கேட்டேன்.

அத்தான் லயத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாகவே காய்ச்சல் என்றும், அவர் எவ்வளவோ சொல்லியும் நீ வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போனாய் என்றும் சொன்னார். டிரெஸரும் நாக்கைப் பார்த்துவிட்டுப் போகவிட்டாராம். நான் அவரிடம் பந்தலில் நடந்ததைச் சொன்னேன்.

“நீ சொல்லியிருந்தா தொரை மறுநாளே எங்கள தோட்டத்த விட்டு எறக்கியிருப்பான் பாப்பா. சொல்லாததும் நல்லதுக்குத்தான். போயி முகத்தக் கழுவிக்க.”

கழுவிக்கொண்டேன். முகத்தில் கழுவ ஒன்றும் இல்லை. அழுகை அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பாடம் நடத்தினேன். என்னைச் சுற்றி எல்லாம் கொஞ்சம் தள்ளி நடப்பதுபோல் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

போன மாதம் விசாரணை அறிக்கை அச்சாகி வந்தது. அதைப் பற்றிப் பேசிச் சர்க்காருக்கு மனுப் போட, ஈப்போவில் நம்மவர்கள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடினார்கள். ஆசிரியைகளுக்குப் பின்வரிசையில் ஒரு பெஞ்சு. மருந்துக்கடை ராவுத்தர் சர்க்காரே ஏற்று நடத்தட்டும், ஏழைக்கு வைத்தியம் பார்ப்பது தோட்டக்காரன் தயவில் இருக்கக்கூடாது என்று பேசினார். ஒரு தோட்டத்துப் பெரிய கிராணி, வரி போட்டால் முதலாளி அதையும் ஆள்களிடம்தான் பிடிப்பான் என்றார். அதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. நோயாளிக்குக் கூலி யார் தருவது என்று ராவுத்தர் கேட்டதும் பெரிய கிராணி அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

“நாலு தோட்டத்துல விசாரிச்சிருக்காங்க. படுத்த நாளுக்குக் கூலி வேணும்னு ஒரு ஆளும் கேக்கல. எல்லாம் அச்சுல இருக்கு. அவங்களே கேக்காதத நாம எதுக்குய்யா மனுவுல எழுதணும்?”

பலர் ஆமாம் என்றார்கள். ராவுத்தர்கூட உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. தலைமையாசிரியை என் புடவையைப் பிடித்து இழுத்தது மட்டும் தெரிந்தது.

“ஒருத்தி கேட்டா” என்றேன்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “அறிக்கையில இல்லையேம்மா” என்றார்.

“நான் சொல்லல. அன்னைக்கு மொழிபெயர்த்தது நான்தான். கேட்டது என் அக்கா.”

ராவுத்தர், என்ன கேட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டார். நீ சொன்னதை நீ சொன்னபடியே, இன்னைக்கும் காய்ச்சல்தான் என்பதுவரை, சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இப்போது அந்த அம்மா எங்கே, வந்து சொல்லச் சொல்லலாமே என்றார் பெரிய கிராணி. இறந்துபோனாள் என்றேன். அவர் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சொன்னதும் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கால்தான் வலித்தது. திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படிப்பட்ட வேலைக்கு என் பேரைச் சொல்வதற்கில்லை என்றார். சொன்ன முறையில் கோபம் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

மனுவை இங்கிலீஷில் எழுதும் பொறுப்பை ராவுத்தர் என்னிடம் கொடுக்கச் சொன்னார். நான்கு இரவு எழுதினேன். அதில் மூன்றாவது கோரிக்கை உன்னுடையது. ஆஸ்பத்திரியைத் தோட்டம் நடத்தினாலும் சர்க்கார் நடத்தினாலும், படுத்திருக்கிற நாளுக்குக் கூலி யார் தருவது என்று தீர்மானிக்காமல் எந்த வைத்தியமும் இலவசம் ஆகாது என்று எழுதியிருக்கிறேன். இதைச் சுருக்கலாமே என்று செயலாளர் சொன்னார். முடியாது என்றேன். நான் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

போன வாரம் மனு கோலாலம்பூருக்குத் தபாலில் போனது. பதில் வரும் என்கிறார்கள். வராது என்றும் சொல்கிறார்கள். வராவிட்டால் மறுபடி எழுதுவேன். நகல் என் பெட்டியில் இருக்கிறது. வந்துவிட்டால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னைப் புதைத்த இடத்தில் இந்த வருஷம் இளங்கன்று நட்டுவிட்டார்களாம். அத்தானுக்கே இடம் சரியாகத் தெரியவில்லை. எந்த மரத்தடியில் நின்று அதை உனக்குப் படித்துக் காட்டுவேன்?